ஆமைக்கிணற்றுத் தண்ணீரும் என் மகன் மூக்கும்

சத்தியம், சத்தியம், முச்சத்தியம். இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யானாலும், அதோ டிக்கெட் கிழிக்கிறாரே கண்டக்டர், அவர் மீசை இந்த பஸ்ஸிலேயே உதிர்ந்து விழட்டும். என்ன தம்பி சிரிக்கிறீர்கள்? என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம்தான். அங்கே உதிர ஒன்றும் பாக்கி இல்லை. அதனால்தான் அவர் மீசை.

விஷயம் என்னவென்றால், என் மகனை ஒருத்தன் திருடிவிட்டான். பட்டப்பகலில். டீக்கடை பெஞ்சில் வைத்து. சர்க்கார் அதிகாரி ஒருத்தர் கண் முன்னால். கைக்குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது வயசுத் தடியன், மூன்று வேளையும் தின்கிறவன். அவனைத் தூக்கிக்கொண்டுகூடப் போகவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தில் திருடிவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் காணாமல் போனவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார்கள். எதிர்த்தாற்போல் இருக்கிற டீக்கடையில் என்றேன். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் இறங்க இன்னும் நேரமிருக்கிறதல்லவா? பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எண்ணெய்.

என் பேர் சொரிமுத்து. ஊர் ஆமைக்கிணறு. வீட்டுக்காரி பேச்சித்தாய் போய்ச் சேர்ந்தபோது பயல் இசக்கிராஜா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். வந்தான், அழுதான், காரியம் முடிந்ததும் போய்விட்டான். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தீபாவளி, தீபாவளிக்கு ஒரு பனியன். அதுவும் எனக்கு அளவு சேராது. ஒரு வருஷம் வந்தது தலையில் நுழையவில்லை, மறு வருஷம் வந்ததில் நானும் இன்னொருத்தரும் நுழையலாம். காசு, கடுதாசி, போன், ஒன்றும் கிடையாது. குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்த் தலையாரி வந்து, "வே சொரிமுத்து, முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போடும். எல்லாரும் வாங்குதாவ" என்றார். கையோடு இன்னொன்றும் சொன்னார். ஆதரவற்றவராக இருக்கணும், தலைக்கு உசந்த மகன் இருந்தால் கிடைக்காது என்றார்.

நான் ரொம்ப யோசித்தேன் தம்பி. மனசாட்சி உள்ளவன் நான். எனக்கு மகன் இருக்கிறானா? இருக்கிறான். ஆதரவு இருக்கிறதா? தலையில் நுழையாத பனியனை ஆதரவு என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? ஆகவே மகன் இல்லை என்று எழுதிப் போட்டேன்.

எழுதிப் போட்டால் போதாது, விசாரணைக்கு வருவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைப் பற்றித் தெரியணும் என்றால் அந்த ஆளிடம் கேட்கிற வழக்கம் கிடையாது. ஊர் டீக்கடையில்தான் கேட்பார்கள். பெண் கொடுக்கவும் அப்படித்தான், கடன் கொடுக்கவும் அப்படித்தான், பென்ஷன் கொடுக்கவும் அப்படித்தான். ஆமைக்கிணற்றில் டீக்கடை கடற்கரையாண்டியுடையது. பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவன்தான் திருடன். பிள்ளை குட்டி கிடையாது. பெண்சாதி சுடலைவடிவு வடை சுடுவாள், இவன் டீ ஆற்றுவான். அவனும் முதியோர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு நிஜமாகவே ஆதரவில்லை, அதனால் அவனுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. திறமை வேண்டியிருந்தது எனக்குத்தான்.

ஊரைப் பழக்கினேன். கடைக்கு வருகிற ஒருத்தர் விடாமல் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துச் சொல்லி வைத்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, கக்கத்தில் பை வைத்து, செருப்பில் நம்ம ஊர்ச் செம்மண் ஒட்டாத ஆள் யார் வந்து என்னைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: சொரிமுத்துவுக்கு மகன் கிடையாது. அப்பாவி ஜனங்கள் தம்பி எங்கள் ஊர் ஜனங்கள். வடைக்கு மேலேயே செய்தார்கள்.

விசாரணைக்கு வந்தது எப்சிபாள் மேடம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர். நல்ல மனுஷி, சட்டென்று கண் கலங்கிவிடுவார். அவரிடம் ஒருத்தன் எனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்றான். இன்னொருத்தன் பிள்ளைக்காக நான் கால்நடையாகத் திருச்செந்தூர் போனதைச் சொன்னான். மூன்றாவது ஆள், எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லிவிட்டான். மேடம் அதையெல்லாம் கேட்டுவிட்டு, கல்யாணமும் ஆகாமல் பிள்ளை வேண்டித் திருச்செந்தூருக்கு நடந்திருக்கிறாரே என்று எனக்காகக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாங்ஷன் ஆகிவிட்டது.

முதல் மாசம் மெஷினில் கட்டைவிரலை வைத்தேன். பணம் வந்தது இருக்கட்டும், மெஷின் ஒரு சின்னச் சீட்டைத் துப்பியது. அதில் என் பேர் இருந்தது. பேருக்குக் கீழே நன்றி என்று அடித்திருந்தது. நான் பெற்று வளர்த்தவன் ஒரு நாள் எனக்கு நன்றி சொன்னதில்லை. யாரோ எங்கேயோ மெட்ராஸில் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மாசம் பிறந்தால் என் பேரை நினைக்கிறார்கள். தீபாவளி வரை காத்திருக்க வைக்கவில்லை. அளவும் எல்லாருக்கும் ஒரே அளவு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அரசாங்கம்தான் எனக்குப் பிள்ளை என்று.

அப்படி நிம்மதியாக இருக்கையில்தான் இந்தப் பயல் திரும்பி வந்துவிட்டான். கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்களாம். பெட்டியோடு வந்து இறங்கினவன், வீட்டு முன் அறையில் செல்போன் ரிப்பேர் கடை போட்டான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் அவன் கொடுத்த இம்சை இருக்கிறதே, சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் எழுந்தால் கஞ்சி தயாராக இருக்கும். துவையலோடு. முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தடவுவான். ஒழுகுகிற ஓட்டை மாற்றினான். எனக்குச் சரியான அளவில் பனியன் தைத்தான். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். ஆதரவு வீடு முழுக்க வழிந்து ஓடுகிறது தம்பி, தெருவில் போகிறவன் காலில் படுகிற மாதிரி ஆதரவு. எப்சிபாள் மேடம் வருஷாவருஷம் சரிபார்க்க வருவார். அவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும்?

அவனிடம் சொன்னேன். "ஏல, கொஞ்சம் கொறச்சுக்கோ. வெளியில தெரியாமச் செய்யி" என்றேன். சிரித்தான். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

எங்கள் வீட்டில் ஒரு செவலை நாய் உண்டு. அது அவனைக் கண்டால் வாலை ஆட்டிக் காட்டிக்கொடுத்துவிடுமே என்று, அவனைக் கண்டால் குரைக்கப் பழக்கினேன். எப்படி என்று கேட்காதீர்கள், அது தனித் தொழில். அவன் உள்ளே வந்தால் குரைக்கும், வெளியே போனால் வாலை ஆட்டும். பிறகு யாரும் பார்க்காத நேரமாகப் போய் அவன் காலடியில் படுத்துக்கொள்ளும். அந்த நாய்க்கு இருந்த விவரம் அவனுக்கு இல்லை.

மேடம் வந்தார். வந்தவர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார், ஜீப்பில். பயல் முன் அறையில் ஒரு போனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நாய் அவனைப் பார்த்து நன்றாகவே குரைத்தது, குறை சொல்ல முடியாது.

"யார் பெரியவரே இது?" என்று கேட்டார்.

"வாடகைக்கு இருக்கான் மேடம்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு வாடகை வருமானம் வருதே."

பார்த்தீர்களா, ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை. "தரமாட்டேங்கான் மேடம்" என்றேன்.

மேடம் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மூக்கு. இதோ, என் மூக்கைப் பார்த்தீர்களல்லவா? கூச்சமே வேண்டாம், நன்றாகப் பாருங்கள். பஸ் ஏறினதிலிருந்து அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் அப்பாவுக்கு இதே மூக்கு. அந்தப் பயலுக்கும் அச்சு அசலாக இதே மூக்கு. நான் விடவில்லை. "எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி அப்படி மேடம். யாரு வந்து குடிச்சாலும் ஆறு மாசத்துல மூக்கு இப்படி ஆயிருது. இந்தத் தம்பி வரும்போது சப்பை மூக்கு" என்றேன்.

அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் மேடம் கடமை தவறாதவர். ரெண்டு விஷயத்தையும் எழுதி மேலே அனுப்பிவிட்டார்.

முதலில் வந்தது மூக்குக் கோஷ்டி. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு வேன், உள்ளே டாக்டர்கள், நர்சுகள், தண்ணீர் பிடிக்கப் பாட்டில்கள், அளக்க டேப்பு. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் ஊரை வரிசையாக உட்கார வைத்து மூக்கு அளந்தார்கள். ஒவ்வொருத்தர் மூக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரே தண்ணீர் இத்தனை விதமாக வேலை செய்கிறது என்றால் விஷயம் நினைத்ததைவிட மோசம் என்றார். கிணற்றை மூடி சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டி, குழாய் போட்டு, ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து மனுக் கொடுத்துக் கிடைக்காத தண்ணீர் தம்பி. என் மூக்கு கொண்டுவந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்கு ஒரு பென்ஷன் கொடுக்கத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரசாங்கம் எவ்வளவு செலவழித்திருக்கிறது. எந்தப் பிள்ளை அப்பனுக்காக இவ்வளவு செய்வான்?

ஊரே என் பக்கம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வடைகூட வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. யாராவது மூக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஊர் முழுக்க ஒரே குரலில் "தண்ணி" என்று சொல்லும்.

அடுத்து வந்தது போலீஸ். ஆதரவில்லாத கிழவன் வீட்டில் வாடகை தராமல் ஒருத்தன் அடாவடியாக உட்கார்ந்திருக்கிறான் என்று மேடம் மனம் நொந்து எழுதியிருக்கிறார். ரெண்டு கான்ஸ்டபிள் வந்து, காலி பண்ணுடா என்றார்கள். பயல் எழுந்து நின்று என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய முடியும்? கான்ஸ்டபிள் பக்கத்தில் நிற்கிறார். பையில் எழுதுகிற புத்தகம் வைத்திருக்கிறார். நான் கூரையில் அவன் மாற்றின ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வேலைப்பாடு.

அவன் சாமான்களைக் கட்டினான். கட்டிலைத் தலையில் தூக்கி வைத்தான். வாசல் தாண்டும்போது, "எண்ணெய் அடுப்படியில இருக்கு. சுட வச்சுத் தடவணும். சாவிய ஆணியில மாட்டியிருக்கேன், வீட்டுக்காரரே" என்றான்.

வீட்டுக்காரரே என்றான் பாருங்கள். கான்ஸ்டபிள் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல், பாடத்தைச் சரியாகச் சொன்னான். கடைசியில்தான் பயலுக்கு விவரம் வந்தது என்று எனக்குச் சந்தோஷம். நாய் மட்டும் அன்றைக்கு எல்லாம் தலைகீழாகச் செய்தது. அவன் வெளியே போகப்போகக் குரைத்தது, பிறகு அவன் பின்னாலேயே போய்விட்டது.

அவன் நேரே கடற்கரையாண்டி கடைக்குப் போனான். கடையை ஒட்டி ஒரு சாய்ப்பு உண்டு, அதில் கட்டிலைப் போட்டு, ரிப்பேர் மேஜையையும் போட்டுக்கொண்டான். சுடலைவடிவு சோறு போட்டாள். நான் தினம் போய் டீ குடிப்பேன். அவன் பார்ப்பான், நான் பார்ப்பேன். யாரோ மாதிரி இருப்போம். ஒரு வருஷ வேலைதானே, மேடத்துக்கு வேறு ஊர் மாற்றல் வந்ததும் மெதுவாகக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று திட்டம்.

இதற்கிடையில் பயலுக்கு ஒரு பெண் அமைந்தது. சுகந்தி என்று பேர், ஏரல் பக்கம். போன் ரிப்பேருக்கு வந்தாள். மறுபடி வந்தாள். ஒரு போன் அத்தனை தடவை தண்ணீரில் விழாது தம்பி, அவளே முக்கி எடுத்துக் கொண்டுவந்திருக்கிறாள். அவள் அப்பா தவசிக்கனி, கருப்பட்டி வியாபாரி. கருப்பட்டியை உடைத்து மோந்து பார்த்துத்தான் வாங்குவார் என்பார்கள், அவ்வளவு ஜாக்கிரதை. பையனைப் பற்றி விசாரிக்க எங்கள் ஊருக்கு வந்தார்.

வெள்ளைச் சட்டை. கக்கத்தில் பை. செருப்பில் செம்மண் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் இறங்கினதும், சொரிமுத்து மகன் இசக்கிராஜா வீடு எது என்று கேட்டிருக்கிறார். கேட்டது ஊரில் நெருப்பு மாதிரி பரவிவிட்டது. சொரிமுத்துவுக்கு மகனே கிடையாது என்று ஒருத்தன். அப்படியொரு பயல் இருக்கிறான், ஆனால் எங்கிருந்து வந்தான் என்று யாருக்கும் தெரியாது என்று இன்னொருத்தன். வாடகை கொடுக்காததால் போலீஸ் வந்து தூக்கிப் போட்டது என்று மூன்றாவது ஆள். அப்படியானால் அவன் அப்பா யாரய்யா என்று அவர் கேட்க, "தண்ணி" என்று சொல்லியிருக்கிறார்கள். நின்ற பஸ்ஸிலேயே திரும்பி ஏறிப் போய்விட்டார்.

பெண் வீட்டில் ஒரே ரகளை. அப்பன் பேர் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று அவர். அவனைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று அவள். கடைசியில் தவசிக்கனி ஒரு வாய்ப்புக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு தடவை வருவேன், அப்பன் என்று ஒரு ஆள் என் எதிரில் நின்று, இவன் என் மகன் என்று சொல்லணும். சொன்னால் அன்றைக்கே வெற்றிலை பாக்கு. இல்லையென்றால் அவள் அத்தை மகனுக்கு என்று முடித்துவிட்டார்.

வியாழக்கிழமை பயல் என்னிடம் வந்தான். குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். தெருவில் யாரும் இல்லை, விட்டுவிட்டேன்.

"எப்பா" என்றான். கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. "நாளைக்குக் கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்லுதேம்ல. இது ஒரு பெரிய காரியமா?" என்றேன்.

மனசாரச் சொன்னேன் தம்பி. வெள்ளிக்கிழமை அவன் தைத்த பனியனைப் போட்டு, மேலே இஸ்திரிச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கடைக்குப் போனேன். தவசிக்கனி பெஞ்சின் இந்த ஓரம் உட்கார்ந்திருக்கிறார். பயல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு சாய்ப்பு ஓரமாக நிற்கிறான். கல்யாண மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறான், கீழே வைக்கத் தோன்றவில்லை. ஊர் முழுக்கக் கூடியிருக்கிறது. நான் தொண்டையைச் செருமினேன். அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது.

எப்சிபாள் மேடம். வருஷாந்திர விசாரணை. இறங்கி வந்து பெஞ்சின் அந்த ஓரம் உட்கார்ந்தார். ஒரு டீ சொன்னார். பையைத் திறந்தார்.

ஒரே பெஞ்சு தம்பி. இந்த ஓரம் ஒரு விசாரணை, அந்த ஓரம் ஒரு விசாரணை. நடுவில் வடைத் தட்டு.

"பெரியவரே, உங்களுக்கு மகன் உண்டா இல்லையா? உங்க வாயால சொல்லுங்க" என்றார் மேடம்.

"இவன் ஒம்ம மகனா இல்லையா? ஒம்ம வாயால சொல்லும்" என்றார் தவசிக்கனி.

எண்ணெய்ச் சட்டியில் வடை கருகுகிறது, சுடலைவடிவு திருப்பிப் போடவில்லை. பயல் என்னையே பார்க்கிறான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன், கண்டக்டர் மீசை சாட்சி. இந்த வார்த்தையைச் சொன்னால் மாசாமாசம் என் பேர் அடித்து வருகிற சீட்டு நின்றுவிடும். அதுகூடப் பரவாயில்லை. கல்யாணம் முடிந்து இவன் மறுபடி ஒரு திருப்பூருக்குப் போய்விட்டால்? நான் தீபாவளிக்குத் தீபாவளி அளவு சேராத பனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கணும். அரசாங்கம் எங்கேயும் போகாது தம்பி. இதையெல்லாம் யோசிக்க ஒரு மனுஷனுக்கு நேரம் வேண்டாமா? நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தேதான் இருந்தது.

கடற்கரையாண்டி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"அவன் எம் மவன்தான்."

மேடம் திரும்பினார். "கடற்கரையாண்டி, நீங்களும் பென்ஷன் வாங்குறீங்க. மகன் இல்லன்னு எழுதியிருக்கு."

"அப்ப இல்ல. இப்ப இருக்கான். அத வெட்டிருங்க மேடம்" என்றான். கழுவின கிளாஸைக் கவிழ்த்து வைத்தான்.

அவ்வளவுதான். திருடியாகிவிட்டது. இதைத்தான் ஒரே வாக்கியம் என்று சொன்னேன்.

தவசிக்கனி லேசில் விடுகிற ஆளா? கடற்கரையாண்டிக்கு மூக்கே கிடையாது, ஒரு பொத்தான் வைத்துத் தைத்த மாதிரி இருக்கும். அவர் அதைப் பார்த்தார், பயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆனா மூக்கு இவரு மூக்கால்லா இருக்கு" என்று இழுத்தார்.

ஊர் மொத்தமும் சொல்லியது: "தண்ணி."

மேடம் பொறுமையாக அவருக்கு விளக்கினார். டாக்டர்கள் வந்து அளந்ததையும், கிணற்றை மூடியதையும் சொல்லி, அரசாங்க ரிப்போர்ட்டே இருக்கிறது என்றார். அரசாங்கமே சொல்லும்போது அவர் என்ன செய்வார்? வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். என் தட்டில் ஒரு வடை கொண்டுவந்து வைத்தது பயல்தான். வைத்துவிட்டு, "சாப்பிடுங்க பெரியவரே" என்றான்.

அதோடு மேடம் என் பக்கம் திரும்பி, எழுதுகிறதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கேட்டார். "அப்ப உங்களுக்கு யாரும் இல்ல?"

"யாருமில்ல மேடம்" என்றேன்.

இப்போது ஒன்று கவனியுங்கள். முதலில் நான் சொன்னபோது அது முழு உண்மை என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு அது கலப்படமில்லாத உண்மை. ஒரு குடிமகன் சொன்ன சின்ன விஷயத்தை அரசாங்கம் இத்தனை ஆள் போட்டு, ஜீப் போட்டு, தொட்டி கட்டி, போலீஸ் அனுப்பி உண்மையாகவே ஆக்கிக் கொடுத்திருக்கிறது. வேறு எந்த அரசாங்கம் இதைச் செய்யும்?

கல்யாணம் அமோகம். அழைப்பிதழில் கடற்கரையாண்டி – சுடலைவடிவு தம்பதியரின் குமாரன் என்று போட்டிருந்தார்கள். கடைசி வரியில் மற்றும் ஆமைக்கிணறு ஊர்ப் பொதுமக்கள் என்று இருந்தது. அதில் நான் உண்டு. பேர் போடாமலே என்னைப் போட்டிருக்கிறான் பார்த்தீர்களா, பாசக்காரப் பயல். பந்தியில் மூன்றாவது வரிசை, நல்ல இடம், பாயசம் சீக்கிரம் வந்தது. தாலி கட்டினதும் பெண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரையாண்டி காலில் விழுந்தார்கள். அவனுக்கு ஆசீர்வாதம் பண்ணக்கூடத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் டீ ஆற்றுகிற மாதிரி தூக்கிக்கொண்டு நின்றான். எனக்குத் தெரியும். நான் தூண் பக்கத்தில் நின்று, என் கையைச் சும்மா கொஞ்சம் தூக்கி வைத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

கடற்கரையாண்டியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. திருடன் என்றாலும் பாவம். உலக விவரம் போதாது. பென்ஷனையும் விட்டுவிட்டான், இப்போது அந்தப் பயல் கொடுக்கிற இம்சை முழுக்க அவனுக்குத்தான். கடைக்குப் புது ஓடு. விடிந்தால் கஞ்சி, துவையல். முழங்காலுக்கு எண்ணெய். சரியான அளவில் பனியன். அந்தச் செவலை நாய்கூட அவன் காலடியில்தான், என்னைக் கண்டால் குரைக்கிறது. என் எண்ணெய்ப் புட்டி ரொம்ப நாளைக்கு முன்பே காலியாகிவிட்டது. வாங்கலாம். மாசாமாசம் பணம்தான் வருகிறதே. ஆனால் முழங்காலுக்குப் பின்பக்கம் நமக்கே கை எட்டுவதில்லை தம்பி, அதுதான் சங்கடம். அதற்கு அரசாங்கத்தில் ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு எங்கே போகிறேன் என்று கேட்டீர்களல்லவா? கேட்கவில்லையா? சரி, நானே சொல்கிறேன். பயலுக்கு ஆண் பிள்ளை. இசக்கியம்மன் கோயிலில் முடி எடுத்துக் காது குத்துகிறார்கள். எல்லாரும் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். வேனில் குடும்பத்து ஆட்கள்தான், ஊர்ப் பொதுமக்களுக்கு பஸ். இந்தப் பொட்டலத்தில் கொலுசு. ஆண் பிள்ளைக்குக் கொலுசா என்று பார்க்காதீர்கள், நடை பழகுகிற வயசு, சத்தம் கேட்டால் எங்கே போகிறது என்று தெரியும். அது என்னைப் பென்ஷன் தாத்தா என்று கூப்பிடுகிறது. சுகந்தி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பென்ஷன் என்ற சொல் அதன் வாயில் முழுசாக வரவில்லை, தாத்தா நன்றாக வருகிறது.

இதோ கோயில் நிறுத்தம் வந்துவிட்டது. கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், முழங்கால். அதோ வேப்பமரத்தடியில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறானே, அவன்தான். ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் போலிருக்கிறது. யாருக்காக நிற்கிறானோ. அவனை விடுங்கள், பிள்ளையைப் பாருங்கள். அது பிறக்கும்போது கிணற்றை மூடிப் பெயிண்டும் காய்ந்துவிட்டது. பிறந்த நாளிலிருந்து குழாய்த் தண்ணீர்தான். ஒரு சொட்டுக் கிணற்றுத் தண்ணீர் அதன் வாயில் பட்டதில்லை.

மூக்கைப் பாருங்கள் தம்பி.

கண்டக்டர் மீசையும் அப்படியேதான் இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆமாம், நான் பாட்டுக்குப் பேசிவிட்டேன், நீங்களும் வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பை, செருப்பு வேறு சுத்தமாக இருக்கிறது. நீங்கள் எந்த ஆபீஸோ, எந்தப் பெண் வீட்டாரோ, நான் கேட்கவில்லை. கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒரு கிழவன், பேர் தெரியாது, ஊர் தெரியாது, அவனுக்கு யாருமில்லை என்று சொல்லிவிடுங்கள். மூக்கைப் பற்றி மூச்சு விடவேண்டாம்.